ஆறு மாற்றம், ஐந்து விநாடி: பக்கவாத மருந்துகளின் உருவ ரகசியம்

மூலக்கூறில் கைவைத்தால் மருந்தின் குணம் மாறும். ஆனால், எந்த மாற்றம் நோயாளியை எழுந்து நடக்கவைக்கும்? நாற்பது ஆண்டு ஆராய்ச்சி கற்றுத்தந்த பாடம்.

2025 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டெனெக்டிபிளேஸ் என்ற ஊசி மருந்தைப் பக்கவாத சிகிச்சைக்கு அனுமதித்தது. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்க அந்த நாட்டில் அதுவரை அனுமதி பெற்றிருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: 1996-ல் வந்த அல்டிபிளேஸ். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 29 ஆண்டுகள்.

இத்தனை காலம் கழித்து வந்த இரண்டாவது மருந்து, முதல் மருந்திலிருந்து எவ்வளவு வேறுபட்டது? அல்டிபிளேஸ், 527 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு புரதம். டெனெக்டிபிளேஸிலும் அதே 527தான். மாற்றப்பட்டவை ஆறு மட்டும். அந்த ஆறு மாற்றங்களால், ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏற்றவேண்டிய மருந்து, ஐந்து விநாடியில் போட்டு முடிக்கிற ஊசியாகிவிட்டது.

பக்கவாத மருந்துகளின் வரலாற்றில் இப்படி மூலக்கூறைத் திருத்தி ஜெயித்தவர்கள் உண்டு. இதைவிட அழகாகத் திருத்தித் தோற்றவர்கள் மிக அதிகம். பக்கவாதத்தில் மூளை செல்களைக் காப்பாற்றுவதற்கென்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட வழிகளை 2006-ல் ஓர் ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்களிடம் சோதிக்கப்படும் கட்டம்வரை வந்தவை 114. அன்றைய நிலவரப்படி ஆஸ்பத்திரியில் உறுதியாகப் பலன் தந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் வலுவாக வேலைசெய்த மூலக்கூறுகள் படுக்கையருகே வந்ததும் ஏன் தோற்றன, சாதாரணமாகத் தெரிந்த சில திருத்தங்கள் ஏன் ஜெயித்தன என்பதைப் பார்த்தால், ஒரு மருந்தின் உருவத்துக்கும் அதன் பலனுக்கும் உள்ள உறவு விளங்கும்.

கட்டி எப்படிக் கரைகிறது?

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பெரும்பாலானவை முதல் வகை. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்பது மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. எனவே இங்கே மருந்தின் தரத்தை அளக்கும் முதல் கோல், கடிகாரம்.

ரத்தக்கட்டியைப் பிணைத்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம். அதை அறுக்கும் நொதி பிளாஸ்மின். நம் ரத்தத்தில் அது எப்போதும் பிளாஸ்மினோஜென் என்ற தூங்கும் வடிவத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பிவிடுவதற்கு உடலே வைத்திருக்கும் புரதம்தான் டி.பி.ஏ. இந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் உற்பத்தி செய்யும் வழியை அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் டயான் பென்னிகாவும் சகாக்களும் 1983-ல் வெளியிட்டார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் தேசிரே கோலன் செய்த ஆராய்ச்சி அதற்கு அடித்தளம். அப்படிப் பிறந்ததுதான் அல்டிபிளேஸ். 1987-ல் மாரடைப்புக்கு அனுமதி கிடைத்தது.

இந்தப் புரதத்தை விரித்துப் பார்த்தால் ஐந்து பகுதிகள் தெரியும். கடைசியில் இருப்பது வெட்டும் பகுதி. மற்ற நான்கில் இரண்டு, ஃபைப்ரினைத் தேடிப் பற்றிக்கொள்பவை. ஃபைப்ரின்மேல் உட்கார்ந்த பிறகுதான் டி.பி.ஏ.வின் வெட்டும் வேகம் பலமடங்கு கூடுகிறது. அதாவது, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மும்முரமாக வேலை. திறந்த ரத்தத்தில் மந்தம். ஒரு மருந்துக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இந்த குணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் சாட்சி. பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் இந்தப் புரதம், ஃபைப்ரின் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எங்கே பிளாஸ்மினோஜெனைக் கண்டாலும் கிளப்பிவிடும். மாரடைப்பில் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மலிவு மருந்து அது. ஆனால் 1990-களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் ரத்தக்கசிவும் மரணமும் கூடியதால் ஆய்வுகளைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. இதயம் தாங்கிக்கொண்டதை மூளை தாங்கவில்லை.

ஐந்து நிமிட ஆயுள்

1995 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நிறுவனம் நடத்திய ஆய்வு வெளியானது. 624 நோயாளிகள், எல்லாருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் சிகிச்சை. அல்டிபிளேஸ் பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்து ஊனமே இல்லாமலோ மிகச் சிறு குறையோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்குக் கொடுத்த விலையும் அதே அறிக்கையில் இருந்தது. பாதிப்பை உண்டாக்கிய மூளை ரத்தக்கசிவு, மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 0.6 சதவீதம். 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு, மூன்று மணி நேரக் கெடுவை நான்கரை மணி நேரமாக நீட்டியது.

மருந்து ஜெயித்தாலும் அதன் உடற்கட்டில் ஒரு குறை இருந்தது. ரத்தத்தில் சேர்ந்த அல்டிபிளேஸில் பாதி, ஐந்து நிமிடத்துக்குள் காணாமல்போய்விடும். இதற்கு இரண்டு காரணங்கள். புரதத்தின் 117-வது இடத்தில் மேனோஸ் வகை சர்க்கரைச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. அதை அடையாளம் கண்டு புரதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. இரண்டாவது காரணம், பி.ஏ.ஐ.-1 என்ற தடுப்புப் புரதம். டி.பி.ஏ. எல்லை மீறிவிடாமல் இருக்க உடல் வைத்திருக்கும் காவல் அது. வெட்டும் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதை வேலை செய்யவிடாமல் முடக்கிவிடும்.

ஆயுள் குறைவென்பதால் மருந்தைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நோயாளியின் எடைக்கு, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகப் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வைத்து ஏற்றுவார்கள். சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் ஊசியைப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பும்போது இந்த ஒரு மணி நேரம் பெரிய இடைஞ்சல். பம்ப் வேண்டும், அதைக் கவனிக்க ஆள் வேண்டும், ஊசிக்கும் டிரிப்புக்கும் நடுவே தாமதம் வந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு சரிந்துவிடும்.

எந்த ஆறு இடங்கள்?

ஜெனென்டெக்கில் புரூஸ் கெய்ட் குழுவினர் 1994-ல் வெளியிட்ட திருத்தம் இந்த இரண்டு காரணங்களையும் நேராகக் குறிவைத்தது.

முதல் திருத்தம் 103-வது இடத்தில். அங்கிருந்த திரியோனினை எடுத்துவிட்டு அஸ்பாரஜினை வைத்தார்கள். புரதத்தை உற்பத்தி செய்யும் செல், இந்தப் புதிய இடத்தில் பெரிய சர்க்கரைச் சங்கிலி ஒன்றைப் பொருத்திவிடும். இதனால் கல்லீரல் அதை எடுத்துக்கொள்ளும் வேகம் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம். இந்த மாற்றத்தால் ஃபைப்ரினைப் பற்றும் பிடியும் தளர்ந்துபோனது.

இரண்டாவது திருத்தம் 117-வது இடத்தில். அஸ்பாரஜினுக்குப் பதில் குளூட்டமின். கல்லீரல் அடையாளம் கண்ட அந்தப் பழைய சர்க்கரைச் சங்கிலி இதோடு ஒழிந்தது. முதல் திருத்தத்தில் தளர்ந்த பிடியும் மீண்டது.

மூன்றாவது திருத்தம் வெட்டும் பகுதியில், 296 முதல் 299 வரையான நான்கு இடங்களில். லைசின், ஹிஸ்டிடின், இரண்டு ஆர்ஜினின் என்று நேர்மின்னூட்டம் கொண்டவை அங்கே அடுத்தடுத்து இருந்தன. தடுப்புப் புரதம் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். நான்கையும் மின்னூட்டமே இல்லாத அலனினாக மாற்றினார்கள். தடுப்புப் புரதத்தை எதிர்த்து நிற்கும் திறன் சுமார் 80 மடங்கு கூடியது. ஃபைப்ரினைத் தேடிப்போகும் குணமும் சுமார் 14 மடங்கு கூடியது.

முடிவில், ரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள் 20 நிமிடத்தைத் தாண்டியது. டிரிப் தேவையில்லாமல் போனது. மருத்துவர்கள் டி.என்.கே. என்று அழைப்பது இந்த மருந்தைத்தான். 2000-ல் அமெரிக்காவில் மாரடைப்புக்கு அனுமதி கிடைத்தது.

அளவு தவறினால் எல்லாம் தவறு

மாரடைப்பிலிருந்து பக்கவாதத்துக்கு வர இதற்குக் கால்நூற்றாண்டு பிடித்தது. காரணம், நல்ல உருவம் கிடைத்தால் மட்டும் போதாது. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி பாக்கி நின்றது.

நார்வேயில் 2017-ல் முடிந்த ஆய்வு, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. அல்டிபிளேஸைவிட மேலான பலன் இல்லை. கலந்துகொண்டவர்களில் பலருக்கு லேசான பக்கவாதமே இருந்தது. கடுமையான பக்கவாதத்துக்கு அதே அளவைக் கொடுத்த அடுத்த ஆய்வில் ரத்தக்கசிவு கூடியதால், 2022-ல் அறிவித்து அந்த அளவைக் கைவிட்டார்கள். அதே மூலக்கூறு, 0.25 மில்லிகிராமில் வேறு முகம் காட்டியது. 2018-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் 202 பேர். பெரிய குழாய் அடைத்து, கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கவிருந்தவர்கள். ஊசி போட்டு, இழுப்பதற்கு முன் படமெடுத்துப் பார்த்தபோது, டெனெக்டிபிளேஸ் பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கு ரத்த ஓட்டம் போதுமான அளவு திரும்பியிருந்தது. அல்டிபிளேஸில் அது 10 சதவீதம்.

2022-ல் வந்த கனடா ஆய்வில் 1,600 பேர் அளவில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள், டெனெக்டிபிளேஸில் 36.9 சதவீதம், அல்டிபிளேஸில் 34.8 சதவீதம். புள்ளியியல் மொழியில் சொன்னால், பழையதற்குப் புதியது குறைந்ததில்லை. அவ்வளவுதான்.

கவனிக்கவேண்டிய இடம் இது. ஆய்வுக்கூடத்தில் 80 மடங்கு, 14 மடங்கு என்று பேசிய மருந்து, நோயாளிகளிடம் வந்தபோது சராசரியில் இரண்டு சதவீதப் புள்ளி மட்டுமே முன்னால் நிற்கிறது; அந்த வித்தியாசமும் உறுதியானதல்ல. அப்படியிருந்தும் உலகம் முழுக்க மருத்துவமனைகள் இதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஊசி, பம்ப் வேண்டாம், ஆம்புலன்ஸில் அனுப்புவது சுலபம் என்பதுதான் காரணம். ஆறு அமினோ அமிலங்களின் மாற்றம் நோயாளிக்குச் சம்பாதித்துத் தந்தது நேரத்தை. பக்கவாதத்தில் நேரமே மருந்து.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. புனேயின் ஜெனோவா நிறுவனம் தயாரிக்கும் டெனெக்டிபிளேஸ், அமெரிக்க அனுமதிக்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கே பக்கவாதத்துக்குப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

வௌவாலின் எச்சிலும் பாதியாக வெட்டிய புரதமும்

உருவத்தை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் முதல் பரிசு டெனெக்டிபிளேஸுக்குக் கிடைக்காது. தென் அமெரிக்காவின் ரத்தம் குடிக்கும் வௌவால், கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலில் ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதை நகலெடுத்து உருவாக்கிய மருந்து டெஸ்மோடிபிளேஸ். மனித டி.பி.ஏ.வோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஐந்து பகுதிகளில் ஒன்று மட்டும் இல்லை. ஃபைப்ரின் முன்னிலையில் டி.பி.ஏ.வின் வேகம் சில நூறு மடங்கு கூடும் என்றால், வௌவால் புரதத்தின் வேகம் ஒரு லட்சம் மடங்குவரை கூடியது. ரத்தத்தில் சில மணி நேரம் நீடித்தது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்த எல்லாமே அதில் இருந்தன.

தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆனவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற கனவோடு பெரிய ஆய்வுகளுக்குப் போனார்கள். 2009-ல் வெளிவந்த முடிவும் கைகொடுக்கவில்லை. 2015-ல் வந்ததும் கைகொடுக்கவில்லை. கட்டியைத் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் திறன் எவ்வளவு இருந்தாலும், அதற்குள் மடிந்துவிட்ட மூளைத் திசு திரும்பி வராது.

இதற்கு நேர்மாறான கதை ரெடெப்பிளேஸ். இங்கே நுணுக்கமான திருத்தம் எதுவும் இல்லை. டி.பி.ஏ.வின் ஐந்து பகுதிகளில் மூன்றை வெட்டி எறிந்துவிட்டார்கள். மிஞ்சியது 355 அமினோ அமிலங்கள். சர்க்கரைச் சங்கிலியும் கிடையாது; ஏனென்றால் அதைச் செய்யத் தெரியாத ஈ.கோலை பாக்டீரியாவில்தான் உற்பத்தி. ஃபைப்ரினைப் பற்றும் பிடி அல்டிபிளேஸைவிடக் குறைவு. பாடப்புத்தகப்படி பார்த்தால் பின்தங்கவேண்டிய மருந்து. ஆனால் 2024-ல் சீனாவில் 1,412 பேரிடம் நடந்த ஆய்வில், அரை மணி இடைவெளியில் இரண்டு ஊசியாகக் கொடுத்தபோது நன்றாகத் தேறியவர்கள் 79.5 சதவீதம், அல்டிபிளேஸில் 70.4 சதவீதம். மூளைக்குள் ஏதேனும் ஒரு வகை ரத்தக்கசிவு இதில் சற்றுக் கூடுதல் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வெற்றியைப் படிக்கவேண்டும்.

பிடி தளர்ந்த புரதம் எப்படி முந்தியது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. கட்டியின் மேற்பரப்பிலேயே இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு உள்ளே போகாது; பிடி லேசாக இருப்பது கட்டிக்குள் ஊடுருவும். ஒரு குணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவதே நல்லது என்ற எண்ணத்தை இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்து உடைக்கின்றன.

மூளைக்குள் நுழையாத மருந்து

கட்டியைக் கரைக்கும் மருந்துகளுக்கு ஒரு வசதி: வேலை ரத்தக்குழாய்க்குள்ளேயே முடிந்துவிடும். மூளை செல்லையே காப்பாற்ற நினைக்கும் மருந்துக்கு அந்த வசதி இல்லை. மூளையின் நுண்குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று ஒரு தடுப்பாகின்றன. பொதுவாக, சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அதைத் தாண்டும். பெரியவையும் மின்னூட்டம் சுமப்பவையும் வெளியே நின்றுவிடும்.

என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்தின் கதை இந்தத் தடுப்பில் முட்டிய கதை. ரத்தம் நின்று மீண்டும் பாயும்போது செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கக்கூடியது நைட்ரோன் என்ற வேதித்தொகுதி. ஆய்வுக்கூடத்தில் அதற்கு அடிப்படையாக இருந்த மூலக்கூறு எளிதாக மூளைக்குள் போகும். அதை ஊசி மருந்தாக்க, நீரில் கரையவைக்கவேண்டும் என்று இரண்டு சல்ஃபோனேட் தொகுதிகளைச் சேர்த்தார்கள். நீரில் நன்றாகக் கரைந்தது. கூடவே எதிர்மின்னூட்டமும் வந்து சேர்ந்தது; மூளைக்குள் நுழைவது கடினமானது.

அஸ்ட்ராஜெனெகா நடத்திய முதல் பெரிய ஆய்வு 2006-ல் சற்று நம்பிக்கை தந்தது. சுமார் 3,300 பேரிடம் நடந்த இரண்டாவது ஆய்வு அந்த நம்பிக்கையைத் துடைத்தெறிந்தது. நிறுவனம் மருந்தைக் கைவிட்டது. விலங்குகளில் செய்த சோதனைகளின் தரம் குறித்தும் பின்னர் கேள்விகள் எழுந்தன. ஒரு மூலக்கூறை ஊசிக்குழலுக்கு ஏற்றபடி மாற்றியபோது, அது போய்ச் சேரவேண்டிய இடத்தைத் தொலைத்துவிட்டதும் தோல்விக்கு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

அப்படியானால் உள்ளே நுழைந்துவிட்டால் போதுமா? நிமோடிப்பின் இல்லையென்கிறது. ரத்த அழுத்த மருந்தான நிஃபிடிப்பினின் குடும்பத்தைச் சேர்ந்த இது, கொழுப்பில் நன்றாகக் கரைந்து மூளையை எட்டும். மூளையைச் சுற்றிய உறைக்கடியில் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதத்தில், 1989-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் மோசமான முடிவுகளை 40 சதவீதம் குறைத்தது. இன்றும் அந்நோய்க்கு 21 நாட்கள் கொடுக்கிறார்கள். அதே மூலக்கூறை அடைப்பால் வந்த பக்கவாதத்தில் கொடுத்தபோது பலன் இல்லை. ஒரே உருவம், ஒரே மூளை. நோயின் வழி வேறு என்பதால் முடிவும் வேறு.

மருந்தை வெட்டிய மருந்து

கனடாவின் டொரொன்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கி குழுவினர் 2002-ல் அறிவித்த கண்டுபிடிப்பு, இந்தத் துறையின் மிகத் துணிச்சலான வடிவமைப்புகளில் ஒன்று. நெரினடைட் என்று பின்னர் பெயர் பெற்ற அதில் இருப்பது 20 அமினோ அமிலங்கள் மட்டும். முதல் 11, ஹெச்.ஐ.வி. வைரஸின் ஒரு புரதத்திலிருந்து எடுத்தவை. செல்சவ்வைத் தாண்டி உள்ளே கூட்டிப்போகும் திறன் அவற்றுக்கு உண்டு. மீதி 9, நரம்பு செல்லுக்குள் நச்சு சமிக்ஞை கடத்தும் இணைப்பில் போய் மாட்டிக்கொண்டு அதைத் துண்டிக்கும்.

2020-ல் 1,105 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு: மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தபோது விசித்திரம் ஒன்று தெரிந்தது. அல்டிபிளேஸ் பெறாதவர்களில், நெரினடைட் பெற்றோரில் 59.3 சதவீதத்தினர் நன்றாகத் தேறினார்கள், பெறாதோரில் 49.8 சதவீதம். அல்டிபிளேஸ் பெற்றவர்களில் இந்த வித்தியாசமே இல்லை. காரணம் வேதியியலில் இருந்தது. அல்டிபிளேஸ் எழுப்பிவிடுவது பிளாஸ்மினை. பிளாஸ்மின், லைசினும் ஆர்ஜினினும் இருக்கும் இடங்களில் வெட்டும். நெரினடைட்டின் வைரஸ் பகுதியில் பெரும்பாலும் அந்த இரண்டும்தான். கட்டியை அறுக்க வந்த நொதி, காப்பாற்ற வந்த மருந்தையும் அறுத்துவிட்டது.

இதன்பின் அல்டிபிளேஸ் பெறாதவர்களை மட்டும் சேர்த்து அடுத்த ஆய்வு நடந்தது. அதிலும் பலன் நிரூபணமாகவில்லை. வைரஸ் பகுதியின் அமினோ அமிலங்களைக் கண்ணாடி பிம்ப வடிவத்துக்கு மாற்றினால் பிளாஸ்மினால் வெட்டமுடியாது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அது மனிதர்களிடம் பலிக்குமா என்பதை ஆய்வுகள்தான் தீர்மானிக்கும்.

யாருடைய கல்லீரல்?

இரண்டாவது பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரைகளில் உருவத்தின் விளையாட்டு இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் சேர்த்துக் கொடுத்த சீன ஆய்வு 2013-ல் வெளியானது. 5,170 பேரில், மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தோரில் 11.7 சதவீதம்; இரண்டும் எடுத்தோரில் 8.2 சதவீதம்.

ஆனால் குளோபிடோக்ரல் விழுங்கும்போது மருந்தே அல்ல. நெல்லைக் குத்தினால்தான் அரிசி என்பதுபோல, கல்லீரல் அதன் தையோஃபீன் வளையத்தைத் திறந்துவிட்டால்தான் வேலைசெய்யும் மூலக்கூறு வெளிவரும். விழுங்கியதில் பெரும்பகுதி அதற்கு முன்பே வேறு நொதிகளால் வீணாகிவிடும். மிஞ்சியதைத் திறக்கும் முக்கிய நொதி சி.ஒய்.பி.2சி19. அந்த நொதியின் மரபணுவில் செயலிழந்த வடிவம் இருப்பவர்களுக்கு மாத்திரையின் பலன் குறையும். அமெரிக்க அரசு 2010-லேயே மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003-ல் தமிழர்களிடையே இந்த மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். செயலிழந்த வடிவம் ஐரோப்பியர்களிடம் இருப்பதைவிட நம்மிடம் தெளிவாக அதிகம்.

மாற்று வழி, உருவத்தையே மாற்றுவது. டிகாக்ரெலர் வேறு வேதிக் குடும்பம். கல்லீரல் திறந்துவிடக் காத்திராமல், விழுங்கிய வடிவத்திலேயே ரத்தத்தட்டில் போய் வேலை செய்யும். செயலிழந்த மரபணு உள்ள 6,412 பேரிடம் நடந்து 2021-ல் வந்த சீன ஆய்வில், மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் டிகாக்ரெலரில் 6 சதவீதம், குளோபிடோக்ரலில் 7.6 சதவீதம். பிரிட்டனில் 2024-ல் வந்த வழிகாட்டல், பக்கவாத நோயாளிகளுக்கு குளோபிடோக்ரல் தொடங்கும்போது இந்த மரபணுச் சோதனையைப் பரிந்துரைக்கிறது. இந்த மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக்கூடாது. சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியது

மூலக்கூறின் சேதி இவ்வளவும் ஆஸ்பத்திரி வாசலில் சில எளிய விதிகளாகச் சுருங்குகிறது.

* முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்கமுடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108. சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் போகவேண்டும்.

* சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகவேண்டும். அடைப்பா, கசிவா என்று தெரியாமல் கரைக்கும் ஊசி போடமுடியாது.

* கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லவேண்டும். தூங்கி எழும்போதே பாதிப்பு தெரிந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. நான்கரை மணி நேரக் கெடு அங்கிருந்து தொடங்குகிறது.

* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, கடைசி வேளை எப்போது என்பதைச் சீட்டோடு காட்டவேண்டும்.

* வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவேண்டாம். மாரடைப்புக்கு அது முதலுதவி, பக்கவாதத்துக்கு அல்ல. ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசெட்டைல் தொகுதியை ரத்தத்தட்டின் நொதியில் ஒட்டிவிடும். அந்தப் பிணைப்பு பிரியாது. ரத்தத்தட்டுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியும் செய்யத் தெரியாது. அது சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாட்கள், முடங்கியே கிடக்கும். வந்திருப்பது ரத்தக்கசிவாக இருந்தால், கொடுத்த மாத்திரையைத் திரும்பப் பெற வழியில்லை. ஸ்கேன் பார்த்தபின் மருத்துவரே அதைக் கொடுக்கட்டும்.